பிரேக் அக்காவின் இரண்டாம் சிகிச்சை

அக்காவின் கண் மஞ்சளாக இருந்ததை முதலில் பார்த்தது நான்தான். எனக்கு மருத்துவம் எதுவும் தெரியாது. வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்கிறவள். நாற்பத்து மூன்று வயதில், கூட வேலை செய்பவர்களின் கேலிக்கு நடுவே, கார் ஓட்டப் பழகப் போனேன். அன்று பதினோராவது வகுப்பு. சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, சரியாக நிறுத்தினேனா என்று கேட்க அவர் பக்கம் திரும்பினேன். காலை வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது.

"அக்கா, உங்க கண்ணு மஞ்சளா இருக்கு."

"விளக்கு பச்சையாயிடுச்சு. முதல்ல அதைப் பாரு."

ஓட்டுநர் பள்ளியில் அவருக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள் எடுத்ததற்கெல்லாம் அதில் ஏறி நின்று கத்துவார்கள். இவர் பாதத்தை அதன் மேல் வைத்தபடி உட்கார்ந்திருப்பார், மிதிக்க மாட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனை முறை மிதித்தேன் என்று விரல்விட்டுச் சொல்வேன் என்று பெருமையடிப்பார். அந்தப் பெருமையைக் கிண்டல் செய்து வைத்த பெயர் அது. அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. காருக்குள் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் 'நீ'தான், வங்கி மேலாளராக இருந்தாலும் சரி. இறங்கிக் கதவைச் சாத்தியதும் 'நீங்க' ஆகிவிடுவார்கள்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் கொஞ்சம் யோசித்தார். இரண்டு வாரமாக உடம்பெல்லாம் அரிப்பாம். சோப்பை மாற்றினார், துணி துவைக்கிற தூளை மாற்றினார். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. அவர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் குடிக்கவே பயம், நடுவழியில் எங்கே இறங்குவது? உடம்புச் சூடு என்று விட்டுவிட்டார். வலி என்று எதுவும் இல்லை. ஒரு பொட்டு வலி இருந்திருந்தால் முன்பே டாக்டரிடம் போயிருப்பார்.

அவர் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடையின் பின்னறையில் இயந்திரத்துக்கு முன் முதுகு வளைய உட்கார்ந்து, முடியளவு பிசகாமல் லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி இழைத்துத் தருவார். நான் அவரைக் கண்ணாடி அண்ணா என்று கூப்பிடத் தொடங்கியது பிறகுதான். இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் கண்டது, மீதி அவரும் அவர்கள் மகளும் சொன்னது. "ஊர்க்கண்ணுக்கெல்லாம் கண்ணாடி பண்றேன், வீட்ல இருக்கற கண்ணைப் பாக்கலையே" என்று அவர் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஒரு தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்து காட்டினாராம். கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்கு இறங்கி வர ஒரு குழாய் இருக்கிறது. கல்லீரலுக்குள்ளிருந்து வரும் இரண்டு கிளைகள் சேரும் இடத்தில் அந்தக் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு புற்றுக்கட்டி. திராட்சையளவுகூட இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் பொல்லாதது. முதலில் வாய்வழியாக ஒரு சிறு குழலைச் செலுத்திப் பித்தத்துக்கு வழிவிட்டார்கள். மஞ்சள் இறங்க ஒரு மாதம் காத்திருந்தார்கள். பிறகு ஒன்பது மணி நேர அறுவை. கல்லீரலில் ஒரு பாதியையும் நோயுள்ள குழாயையும் எடுத்துவிட்டு, குடலை மேலே இழுத்து, மீதிக் கல்லீரலோடு நேரடியாக இணைத்தார்கள். கண்ணாடி அண்ணா அந்த ஒன்பது மணி நேரமும் ஒரே நாற்காலியில் இருந்தார். எழுந்து போனால் கூப்பிடுவார்களோ என்று கழிவறைக்குக்கூடப் போகவில்லை.

வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை, ஒரே ஒரு நிணநீர் முடிச்சில் மட்டும் இருந்தது என்று பரிசோதனையில் வந்தது. அதற்காக ஆறு மாதம் மாத்திரை. அந்த மாத்திரையில் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் முடித்தார். மாத்திரை முடிவதற்குள்ளேயே, கையில் பருத்தி உறை மாட்டிக்கொண்டு, பள்ளிக்குத் திரும்பி வந்துவிட்டார். அறுவைக்கு முன்பு பாதியில் நின்ற என் வகுப்பை முடித்துவைத்ததும் அவர்தான். "உன்னைப் பாதியில விட்டுட்டுப் போனா ரோட்ல போறவங்க என்னைச் சபிப்பாங்க" என்றார். நான் உரிமம் வாங்கினேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்பே கண்ணாடி அண்ணாவுக்குத் தூக்கம் கெட்டுவிடும். அக்காவோ போய் வந்து, ஒன்றும் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிடுவார். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது.

பத்தொன்பதாவது மாதம், கட்டி இருந்தால் இரத்தத்தில் ஏறுகிற ஒரு பொருளின் அளவு ஏறியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று, அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு, தாள்களைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கண்ணாடி அண்ணா முன்னால் உள்ளே போனார். புற்றுநோய் மருத்துவரிடம், அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், சத்து ஊசி என்று சொல்லி மருந்தை ஏற்றிவிடுங்கள் என்று கெஞ்சினார். மருத்துவர் இளைஞர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே கணவர் கைகூப்பிக் கெஞ்சுவதை அக்கா பார்த்துவிட்டிருந்தார்.

"என்னைப் பத்தித்தானே பேசறீங்க? நானும் உக்காந்து கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மருத்துவர் ஒளிக்கவில்லை. "திரும்ப வந்திருக்கும்மா. குடலை இணைச்ச இடத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, கல்லீரல்ல ரெண்டு புள்ளி."

மறுபடி வெட்டி எடுக்க முடியாதா என்று அக்கா கேட்டார். ஒரே இடத்தில் இருந்தால் யோசிக்கலாம், மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று பெரிய இரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறது, இருப்பதே பாதிக் கல்லீரல், இன்னும் எடுத்தால் அது தாங்காது என்று அவர் விளக்கினார். இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக ஏற்றலாம், உடம்பின் சொந்தக் காவலை எழுப்பிவிடுகிற மூன்றாவது மருந்தையும் கூடச் சேர்க்கலாம் என்றார்.

"அதுல சரியாயிடுமா?"

"நிறுத்தி வைக்கப் பாக்கலாம். ஒழிச்சுக் கட்ட முடியும்னு நான் சொல்ல மாட்டேன்."

எவ்வளவு காலம் என்றும் கேட்டார். மருந்து எடுத்துக்கொண்டவர்களில் பலர் ஒரு வருஷத்தை ஒட்டி, சிலர் அதற்கு மேலும், சிலர் அதற்குள்ளும் என்றார் மருத்துவர். நீங்கள் இதில் எங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

இருவரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அக்கா சொன்னாராம்: "இனிமே எனக்குத் தெரியாம எனக்காக யார்கிட்டயும் பேசாத. எங்கிட்ட மறைச்சு யாரைக் காப்பாத்தப் போற?" கண்ணாடி அண்ணா அழுதார். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அழுது அக்கா பார்த்தது அதுதான் முதல் முறை. அவர் அழுது முடிக்கும்வரை அக்கா இஞ்சினைக் கிளப்பவில்லை.

மகள் வெளியூரில் மழலையர் பள்ளி ஆசிரியை. அவளிடமும் அன்றே, தொலைபேசியில், அக்காவே சொன்னார். அவள் அடுத்த வண்டியில் வந்து, எல்லாத் தாள்களையும் வாரிக்கொண்டு வேறொரு மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கேயும் அதே பதில், அதே மருந்து. "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களோ" என்று அக்கா சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வாரத்தில் இரண்டு நாள் மருந்து. சிறுநீரகத்தைக் காக்க, மருந்துக்கு முன்னும் பின்னும் புட்டி புட்டியாக நீர் ஏற்றுவார்கள். "இருபத்தஞ்சு வருஷமா குடிக்காத தண்ணிய ஒரே நாள்ல ஏத்தறாங்க" என்று அக்கா செவிலியரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் இருந்தேன். குமட்டல் இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள் ரொட்டியும் டீயும் இறங்கும். ஐந்தாம் நாள் வகுப்புக்கு வந்துவிடுவார். மருத்துவமனை வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். போகும்போது அவரே ஓட்டுவார். திரும்பும்போது, பள்ளியின் இன்னொரு ஆசிரியர், மீசை என்று நாங்கள் சொல்லும் பெரிய மனிதர், வந்து வண்டியை எடுப்பார்.

மூன்று மாத முடிவில் ஸ்கேன் நன்றாக வந்தது. புள்ளிகள் சுருங்கவில்லை, ஆனால் வளரவும் இல்லை. கண்ணாடி அண்ணா கடையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்.

நான்காவது மாதம் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போக ஆரம்பித்தன. மருந்து செய்கிற வேலைதான் அது. அளவைக் குறைத்தார்கள். ஒரு காலை மருத்துவமனைக்குப் போகும் வழியில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால், பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக அக்கா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெள்ளைக் கோட்டை ஒரு சாண் தாண்டி நின்றது. எவ்வளவு அழுத்தினோம் என்பது அவர் காலுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் போனபின் வண்டியை மெதுவாக ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, மீசைக்குப் போன் செய்தார்.

"காலு தெரியல" என்று கணவரிடம் சொன்னார். "இனிமே நான் ஓட்டக்கூடாது."

மறுநாள் பள்ளி முதலாளியின் மேசையில் தன் ஆசிரியர் அட்டையைக் கொண்டுபோய் வைத்தார். யாரும் அதைத் திருப்பிக் கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றுகூட முதலாளி சொன்னார். அக்கா கேட்கவில்லை. நோய் திரும்பியது என்று சொன்ன நாளில்கூட நான் அவர் முகம் அவ்வளவு வாடிப் பார்த்ததில்லை. பள்ளியின் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மாணவர்கள் வண்டியை எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் எடுத்த முடிவு எங்கள் எல்லாரையும் திடுக்கிட வைத்தது. கண்ணாடி அண்ணா கார் ஓட்டப் பழக வேண்டும். ஐம்பத்தாறு வயது, தலைகீழாக நின்றாலும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று இருந்தவர். கல்யாணமான புதிதில் அக்கா ஒருமுறை கற்றுத்தரப் பார்த்து, பாதியில் சண்டையாகி, இருவரும் பேசாமல் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்களாம். அதோடு சரி.

மொத்த விற்பனைச் சந்தை வாரம் ஒருநாள் மூடியிருக்கும். அந்த வெற்று மைதானத்தில் பயிற்சி. அக்காவின் காலுக்கு உணர்ச்சி இல்லாததால் பயிற்சிக் காரின் இரண்டாவது பிரேக்கை அவர் நம்பவில்லை. கையை ஹேண்ட் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாலைக்குப் போகும்போது மீசைதான் பக்கத்தில் இருக்க வேண்டும், தான் பின்சீட்டில் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் நாள் நானும் பின்னால் இருந்தேன்.

"கிளட்ச்சை மெதுவா விடு" என்றார் அக்கா.

கண்ணாடி அண்ணா பதறிப்போய்க் கிளட்ச்சை மொத்தமாக விட்டார். வண்டி தவளை மாதிரி இரண்டு குதி குதித்து அணைந்தது. சாரி என்று அவர் வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டிகிட்ட எதுக்கு சாரி? பின்னாடி ஒருத்தி உக்காந்திருக்கா, அவகிட்ட சொல்லு."

அவருக்குச் சாலையைவிட வேகம் காட்டும் முள் முக்கியம். இருபது என்றால் மிகச் சரியாக இருபதில் வைப்பார், லென்ஸ் இழைத்த பழக்கம். முன்னால் சுவர் வருவது தெரியாது. "முள்ளு எங்கயும் ஓடிப்போகாது, ரோட்டப் பாரு" என்று அக்கா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மூன்றாவது வாரம் ஒரு முழு வட்டம் அணையாமல் சுற்றிவந்தபோது, அவர் இறங்கி வண்டியைத் தடவிக் கொடுத்தார்.

உரிமத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு காலை ஏழரை மணிக்கு எனக்கு அண்ணாவிடமிருந்து போன். அக்காவுக்குக் குளிர்ஜுரம், கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவமனையில் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவசர ஊர்தி வர ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். மீசை ஊரில் இல்லை.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் தவிர வேறெங்கும் நான் வண்டி ஓட்டியதில்லை. ஆனாலும் போனேன். போர்வையில் சுற்றி அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். கண் மறுபடியும் மஞ்சள். பெருஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது நான் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தடுமாறியதை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். பற்கள் அடித்துக்கொள்ள, அந்த வழி முழுவதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டற, அவசரப்படாத."

இணைத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த கட்டி பித்தத்தின் வழியை அடைத்து, தேங்கிய பித்தத்தில் கிருமி பிடித்திருந்தது. வயிற்றுக்குள் குடலை மாற்றி இணைத்திருந்ததால், முதல் தடவைபோல வாய்வழியாகப் போக முடியவில்லை. விலா எலும்புக்குக் கீழே தோலைத் துளைத்து, கல்லீரலுக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். அதன் மறுமுனையில் ஒரு பை. பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம் அதில் இறங்கியது. இரண்டு நாளில் ஜுரம் விட்டது, ஒரு வாரத்தில் அரிப்பும் நின்றது. தாமதித்திருந்தால் அன்றே உயிர் போயிருக்கும் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன், மறைக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, தினம் இரண்டு வேளை ஊசிக்குழலில் உப்புநீர் எடுத்து உள்ளே செலுத்த வேண்டும். கண்ணாடி அண்ணா செவிலியரிடம் கற்றுக்கொண்டார். லென்ஸ் பிடிக்கிற கை அது, நான்கு நாளில் பழகிவிட்டது. அக்கா பையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "என் புதுக் கைப்பை எப்படி?" என்று வருகிறவர்களைக் கேட்பார். உரிமத் தேர்வில் அண்ணா முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினார். அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு அவர்தான் ஓட்டினார்.

ஏழு மாதம் நின்ற நோய் எட்டாவது மாதம் நகரத் தொடங்கியது. கட்டியின் மரபணுவைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கும், அதற்கென்றே மாத்திரை இருக்கிறது என்றார்கள். மகள் அந்த முடிவுக்காக மூன்று வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அந்த மாற்றம் இல்லை. வேறு மருந்துக் கூட்டு ஒன்று மீதி இருந்தது. பலன் குறைவு, சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கூடும் என்றார் மருத்துவர். மகளுக்காக அக்கா ஒத்துக்கொண்டார். நான்கு முறை ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து நாள் படுக்கை. ஸ்கேனில் புதிய புள்ளிகள்.

அன்று மருத்துவர் வாயைத் திறக்குமுன் அக்கா கையை உயர்த்தினார். "நீங்க சங்கடப்பட வேணாம், நானே சொல்லிடறேன். போதும் டாக்டர்."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்காக நாலு போட்டுக்கிட்டேன்ல. இப்ப எனக்காக நீ ஒண்ணு பண்ணு. விட்டுடு."

மருத்துவர், சிகிச்சை நின்றுவிடவில்லை, இனி நோய்க்குப் பதிலாக வலிக்குச் செய்வோம் என்றார். வலியைக் கவனிக்கும் பிரிவிலிருந்து ஒரு செவிலியர் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்கு வந்தார். மருந்தின் அளவை அவர் திருத்தித் திருத்திச் சரிசெய்தார். பித்தம் வடிக்கும் அந்தக் குழாயை மட்டும் எடுக்கவில்லை, அது இருந்தால் அரிப்பு வராது.

மருந்தை நிறுத்தியபின் ஐந்து வாரம் நன்றாக இருந்தார். சாப்பாட்டில் ருசி திரும்பியது. மிளகுத்தூள் போட்டு ஒரு முழு அவித்த முட்டை தின்றதை மகள் எனக்குச் செய்தியாக அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே போகலாம் என்றார். எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயும் இல்லை, சும்மா என்றார். அண்ணா ஓட்ட, அக்கா பக்கத்தில், நானும் மகளும் பின்னால். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய நேரான சாலையில் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தால் அக்கா தூங்கிக்கொண்டிருந்தார், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. யார் ஓட்டினாலும், பேருந்தில்கூட, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காதவர் அவர். "அம்மா வண்டியில தூங்கி நான் பார்த்ததே இல்ல" என்று மகள் என் காதில் சொன்னாள். அண்ணாவுக்கும் அது தெரிந்திருந்தது. எங்கும் நிறுத்தாமல், வேகத்தைக் கூட்டாமல், பெட்ரோல் முள் கீழே இறங்கும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். கடைசி நான்கு நாள் பெரும்பாலும் மயக்கம். வலி இல்லை என்று செவிலியர் சொன்னார், முகத்தைப் பார்த்தால் எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு பகல் பதினொன்றரை மணிக்கு, மகள் தலைமாட்டிலும் அண்ணா கால்மாட்டிலும் இருக்க, மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து நின்றது. அண்ணா அவர் பாதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து பதினாலு மாதம்.

பள்ளியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். வங்கி மேலாளர் ஒருவர் வந்து, தன்னை நீ என்று கூப்பிட்ட கடைசி ஆள் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் ஒரு மாதம் இருந்து வேலைக்குத் திரும்பினாள். கண்ணாடி அண்ணா அதற்கும் இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போனார். முதல் நாள் என்ன வேலை வந்தது என்று கேட்டேன். நான்கு வயதுக் குழந்தைக்கு, தடித்த லென்ஸ், சின்னச் சட்டம் என்றார். ஓரம் குத்தாமல் இருக்க மூன்று முறை இழைக்க வேண்டியிருந்ததாம். குழந்தை மாட்டிக்கொண்டு பார்க்கும்போது, அதன் கண்ணைப் பார்க்கப் பின்னறையிலிருந்து வெளியே வந்து நின்றாராம். முப்பது வருஷத்தில் அப்படி வந்து நின்றதில்லை என்று அவரே சொன்னார்.